பிரஷர் மிஷின் எந்த மேசையில்?

கண்ணு, எச்ஐவி உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் உன் அம்மிச்சி. பெருமை பேசுவதற்கு முன்னால் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லாரி டிரைவர். 2005-ல் இரண்டு பேர் தாங்கிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். எச்ஐவி. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை வெறும் 68. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசக் கூட்டு மருந்து தர ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து 18 வருஷம், காசில்லாத நோயாளிக்கு நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டதுதான் வைத்தியம்.

மாத்திரை அவரைத் தூக்கி நிறுத்தியது. ஆறு வருஷத்தில் சிடி4 540. தொப்பைகூடப் போட்டுவிட்டது, அதைப் பார்த்தே சிரித்தோம். சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பீடிக்கட்டையும் பார்த்தோம், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரஷர் மிஷின் பொது ஓ.பி. மேசையில் இருந்தது, எங்கள் மேசையில் இல்லை. ஒருநாள் நெஞ்சு கரிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று நான்தான் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள், லாரியை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்து கிடந்தாராம். வயது 46. ஊரில் அந்த நோயால்தான் போனார் என்றார்கள். மாரடைப்பு என்றால் யாரும் நம்பத் தயாராக இல்லை.

ஊர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ரிட்டையரான பிறகு படித்துத்தான் அது எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948-ல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். வயதானால் ரத்த அழுத்தம் கூடுவது இயற்கை என்று டாக்டர்களே சொன்ன காலம் அது. பிரஷர், கொழுப்பு, புகை எல்லாம் மாரடைப்புக்கு வழி போடுகின்றன என்று உலகம் தெரிந்துகொண்டதில் அந்த ஊர்க்காரர்களின் பொறுமைக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்களை வைத்துப் போட்ட மாரடைப்பு ஆபத்துக் கணக்கு எச்ஐவி உள்ளவர்களுக்கு அப்படியே பொருந்தவில்லை. மாத்திரையால் கிருமி அடங்கினாலும் உடம்புக்குள் நீறு பூத்த நெருப்பாக ஓர் அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவரை அது அரிக்கிறது. பழைய மருந்துகளில் சில கொழுப்பையும் ஏற்றிவிட்டன. அதனால் மாத்திரைக்கு இடையிடையே லீவு விட்டால் இதயத்துக்கு நல்லதோ என்ற யோசனை வந்தது. ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேரிடம் அதைச் சோதித்தார்கள். நடந்தது நேர்மாறு: நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களிடையே சாவும் கூடியது, இதய, சிறுநீரக, கல்லீரல் கோளாறுகளும் கூடின. 2006-ல் அந்தச் சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். "உடம்பு தேறிடுச்சு, கொஞ்ச நாள் விடட்டுமா?" என்று உன்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்.

2023-ல் ரிப்ரீவ் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 12 நாடுகள், 7,769 பேர், 40 முதல் 75 வயது. நம் நாட்டவர்களும் அதில் உண்டு. எல்லோரும் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள். வழக்கமான கணக்கில் மாரடைப்பு ஆபத்து பெரிதாக இல்லாதவர்கள். பிட்டாவாஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரை எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. என் டிரைவருக்கு வயது 46 என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சோறு வடிக்கவில்லை.

மாத்திரை எழுதுவது டாக்டர் பாடு. பீடியைப் பற்றியும், அப்பன் எந்த வயதில் போனார் என்றும், மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறதா என்றும் கேட்பது உன் பாடு. பிரஷர் மிஷின் ஒன்று உன் மேசைக்கு வரும்வரை நச்சரித்துக்கொண்டே இரு. மிஷின் வந்த பிறகு, ஆள் நடந்து வந்த உடனே பட்டையைச் சுற்றாதே. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வை. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பீடிக்கட்டு பையிலிருந்து வெளியே வரும்.