வைகைக்குள் இறங்கியபோது

இன்று காலை மதுரை யானைக்கல் பக்கம் தன்னார்வலர்களோடு குப்பை அள்ள வைகைக்குள் இறங்கினேன். பாட்டில், கேரிபேக் எல்லாம் சுலபமாகக் கைக்கு வந்துவிடும். பாடாய்ப்படுத்துவது சேற்றில் புதைந்த பழந்துணிதான். வேட்டி, சேலை, தலையணை உறை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஆகாயத்தாமரை வேரும் கறுப்புச் சேறும் சேர்ந்தே வருகின்றன. மூன்று பேர் பிடித்தால்தான் அசைகிறது.

நாம் எத்தனை மூட்டை அள்ளினாலும், செல்லூர்ப் பக்கமிருந்து பந்தல்குடி கால்வாய் கழிவுநீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. 2025 மே மாதம் முதல்வர் வருகைக்காக அந்தக் கால்வாயைத் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி பரவி, அவரே நேரில் போய்ப் பார்த்தார். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதை நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். சித்திரையில் அழகர் இறங்குகிற ஆறுங்க இது!

அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் ஷூ போட்டுக்கொண்டு வாங்க. கண்ணாடிச் சில்லு நிறையக் கிடக்கிறது.