அடியில் இருந்த எழுத்து



உங்கள் வீட்டுப் பழைய கணினியிலோ குறுந்தட்டிலோ, பல ஆண்டுகளுக்கு முன் தமிழில் தட்டச்சு செய்த கோப்பு ஒன்று கிடக்கக்கூடும். அது உங்கள் தகப்பனாரின் சாட்சியாக இருக்கலாம். வாலிபர் கூடுகைக்கு நீங்கள் எழுதிய செய்தியாகவும் இருக்கலாம். இன்று அதைத் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் அரைப்புள்ளிகளும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பது போலத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடாதீர்கள். எழுதியவை யாவும் அங்கேயே இருக்கின்றன.

ஒருங்குறி பரவலாகுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. கணினி தன் உள்ளே சேமித்தது ஆங்கிலக் குறிகளை. தமிழ் அவற்றின்மேல் போர்த்திய ஆடை மாத்திரமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆடை விலகிவிடுகிறது. பாமினியில் எழுதிய இயேசுவின் திருநாமத்தை அப்படித் திறந்து பாருங்கள்: ஒரு காற்புள்ளி, அதன்பின் என், ஏ, ஆர் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள். இவ்வளவே இருக்கும்.

கடந்த 2024 டிசம்பரில் எனக்கு அப்படிப்பட்ட கோப்பு ஒன்று தேவைப்பட்டது. ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவு ஆராதனையில் செய்தி கொடுக்க, நான் முன்பு ஊழியம் செய்த சபையார் அழைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டார்கள். கடற்கரையை அடுத்த அந்தச் சபையில், அதற்கு அடுத்த ஞாயிறாகிய 2005 ஜனவரி 2 அன்று, 46ஆம் சங்கீதத்திலிருந்து பிரசங்கித்தேன். கடல் கொந்தளித்தாலும் மலைகள் பெயர்ந்தாலும் தேவன் அடைக்கலமாயிருக்கிறார் என்னும் ஆறுதலின் செய்தி அது என்றே இருபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தேன். அதையே மீட்டெடுத்து, சற்றே திருத்தி மீண்டும் பயன்படுத்தலாம் என்று எண்ணினேன்.

உங்களுக்கும் பயன்படும் என்பதால் மீட்ட விதத்தைச் சொல்லுகிறேன். முதலில் கோப்பைப் படியெடுத்தேன். மூலத்தின்மேல் கை வைக்கவில்லை. பின்பு அதில் எந்த எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். அதற்கேற்ற எழுத்துரு மாற்றியில் இட்டபோது தமிழ் திரும்பிவந்தது. ஆனாலும் வேலை அத்துடன் முடிவதில்லை. ரகர மெய்யும், துணைக்காலின்மேல் வைத்த புள்ளியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கோ அவை வெவ்வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருந்தால், சரியாகத் தோன்றும் சொல்லும் தேடும்போது அகப்படாது. ஆகவே மாற்றிய பிரதியை வரிவரியாக நிதானித்து வாசிக்கவேண்டும்.

அப்படி வாசித்ததனால்தான் மூன்றாம் பக்கத்திலிருந்த ஒரு பத்தி என் கண்ணில் பட்டது. கடலோர மக்களின் பாவங்களை வரிசையாக எழுதி, அந்த அலை தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று முடித்திருந்தேன். யாருடைய எழுத்தோ கலந்துவிட்டதென்று முதலில் நினைத்தேன். நடை என்னுடையது. நாளும் அதே நாள். அன்றைக்கு ஆலயத்தில், ஏழு வயது மகனை அலைக்குக் கொடுத்த தாய் ஒருவர் இருந்தார். மகனை அடக்கம்பண்ணி நான்கு நாளே ஆகியிருந்தது. அடக்க ஆராதனையை நடத்தியவனும் நானே.

பிரியமானவர்களே, அந்தப் பத்தியை நீக்கிவிட ஒரு விசையை அழுத்தினால் போதும். மற்றப் பக்கங்கள் நல்ல பக்கங்கள், ஆறுதலானவையும்கூட. யாருக்குத் தெரியப்போகிறது? என் விரல் விசையின்மேல் இருந்தபோது, எரேமியா 36ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜாவின் முன்பாக வாசிக்கிறார்கள். மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படும்தோறும் அது கத்தியால் அறுக்கப்பட்டு, கணப்பு நெருப்பில் எறியப்படுகிறது. ராஜா அறுத்தது தேவனுடைய வார்த்தை. நான் அறுக்க நினைத்ததோ தேவன் சொல்லாத வார்த்தை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் காரணம் ஒன்றே: தன்னைக் குற்றப்படுத்தும் எழுத்து தன் கண்முன் இருக்கலாகாது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

ஆராதனைக்கு முந்தின நாள் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். பத்தியைக் காகிதத்தில் எடுத்துச் சென்றிருந்தேன். வாசிக்கத் தொடங்குமுன் அவர், "வாசிக்கவேண்டாம், ஐயா. எனக்கு அது மனப்பாடம்" என்றார். சற்று நேரம் கழித்து, "உங்களுக்குத்தான் மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், மகனுடைய புகைப்படத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நாளைக்கு இதை எல்லாருக்கும் முன்பாகச் சொல்லுங்கள், ஐயா" என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

மறுநாள் சொன்னேன். பழைய பிரசங்கத்தில் 46ஆம் சங்கீதத்தை விளக்கிய பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். அது இன்றும் சத்தியமே. அந்தப் பத்தி வந்த இடத்தில் நிறுத்தி, நான் எழுதியிருந்ததை உரக்க வாசித்து, அது தவறு என்று அறிக்கையிட்டேன். பின்பு, அன்றைக்கே நான் திறந்திருக்கவேண்டிய லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்ற கேள்வியை நம்முடைய ஆண்டவரே எழுப்புகிறார். அல்ல என்று அவரே விடையும் அளிக்கிறார். மாண்டவர்களைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லாமல், உயிரோடிருந்து கேட்டவர்களை மனந்திரும்ப அழைக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் மற்றவர்களை நோக்கித் திருப்பிவிட்ட அழைப்பு, அன்றைக்குத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

பழைய பிரசங்கத்தை மீண்டும் பயன்படுத்துவது குற்றமா என்று சில உடன் ஊழியர் கேட்பதுண்டு. அல்ல. ஒரே காரியங்களை மீண்டும் எழுதுவது தமக்கு வருத்தமல்ல என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். முதிர்வயதில் சிறையிலிருந்துகொண்டு, தம்முடைய தோற்சுருள்களைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார். ஆயினும் மீட்டெடுத்த எழுத்து பிறரிடம் போகுமுன், அதை எழுதியவனிடம் முதலாவது பேசவேண்டும். எரித்த சுருளுக்குப் பதிலாக எரேமியா வேறொரு சுருளை எழுதுவித்தபோது, பழைய வார்த்தைகள் மாத்திரமல்ல, இன்னும் அநேக வார்த்தைகளும் அதில் சேர்ந்தன என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் முறை சொல்லுவதற்கென்றும் கர்த்தரிடம் வார்த்தை உண்டு.

நம்முடைய நினைவு நமக்குச் சாதகமாகவே திருத்தி எழுதும். நீங்கள் கோபத்தில் உடன்பிறந்தவருக்கு எழுதிய கடிதம், பிள்ளைக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, ஒரு பிணக்கில் நீங்கள் உண்மையாகவே சொன்ன வார்த்தை ஆகியவற்றை இந்த வாரம் நினைவிலிருந்து எடுக்காமல், எழுத்திலிருந்தே எடுத்து வாசித்துப்பாருங்கள். நல்லதாயிருந்தால் ஸ்தோத்திரம்பண்ணுங்கள். அப்படியல்லவென்றால், அழிக்குமுன் போய் அவரைப் பாருங்கள்.

என் பழைய கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. புதிய பிரசங்கத்தின் அருகிலேயே அதையும் வைத்திருக்கிறேன்.

ஜெபம்: இருதயங்களை ஆராய்கிற கர்த்தாவே, நாங்கள் மறந்த வார்த்தைகளையும் நீர் அறிந்திருக்கிறீர். அவற்றால் காயப்பட்டவர்களை ஆற்றியருளும். அவர்களிடம் போகும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே. ஆமென்.