காற்றாலைகள் காத்த நிலம்

காற்றாலை என்றதும் மா அரைக்கும் ஆலை என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். நெதர்லாந்தில் சைக்கிளில் சுற்றும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், ஒரு நாளைக் கிண்டர்டைக் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள 19 காற்றாலைகளும் தண்ணீர் இறைப்பதற்காகவே கட்டப்பட்டவை.

ரொட்டர்டாம் நகருக்குக் கிழக்கே சுமார் 15 கிலோ மீற்றர். ஆற்றுப் படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகலாம். மேடு பள்ளமில்லாத பூமி, மிதிப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்க்காற்று வீசினால் நமது மலைநாட்டு ஏற்றமே தேவலை என்றிருக்கும்!

இரு ஆறுகள் கூடுமிடம் அது. மண்ணோ, இலைகுழை மக்கிய சதுப்பு மண். நீரை வடித்தால் உலர்ந்து சுருங்கித் தாழும். தாழத் தாழ ஆறு நிலத்தைவிட உயரமாகிவிடும். மழைநீர் தானாக வடிய வழியில்லை. எனவே 1738இல் எட்டுச் செங்கல் ஆலைகளையும், 1740இல் எதிர்க்கரையில் நாணல் வேய்ந்த எட்டு ஆலைகளையும் எழுப்பினார்கள். காற்று இறக்கையைச் சுழற்ற, உள்ளிருக்கும் சக்கரம் நீரை மேலுள்ள தேக்கத்துக்கு அள்ளிவிடும். ஆற்றில் நீர் இறங்கியதும் மதகைத் திறந்துவிடுவார்கள். அதே ஆண்டுகளில் நமது காலிக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்தது. கடல் கடந்து ஆண்டவர்கள், சொந்த ஊரில் தண்ணீருக்கு அஞ்சி வாழ்ந்தார்கள்.

இரண்டு ஆலைகள் நூதனசாலைகளாக இருக்கின்றன. உள்ளே ஏணி போன்ற படிகள், அலுமாரிக்குள் அமைந்த கட்டில். மற்ற ஆலைகள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன; யன்னலை எட்டிப் பார்க்காதீர்கள்.

இறக்கைகளுக்கு ஒரு மொழியும் உண்டு. உச்சியைத் தொடுமுன் நிறுத்தினால் மகிழ்ச்சி; உச்சியைக் கடந்து நிறுத்தினால் துக்கம். 2014 ஜூலையில் மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டபோது, அந்நாட்டின் காற்றாலைகள் துக்க நிலையில் நின்றன.

தண்ணீரை அவர்கள் அரசாங்கத்தின் தலையில் மட்டும் சுமத்தவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே ஊரவர் கூடி நீர்ச் சபை அமைத்தார்கள். அணையில் இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சபைகள் இன்றும் வரி வாங்குகின்றன, தேர்தல் நடத்துகின்றன. அப்படியிருந்தும் 1953 பெப்ரவரி முதலாம் திகதி அதிகாலையில் தென்மேற்கில் கடல் அணைகளை உடைத்துப் புகுந்தது. அந்நாட்டில் 1,836 உயிர்கள் போயின.

காற்றாலைகளின் வேலையை இன்று இயந்திர நீரேற்று நிலையங்கள் செய்கின்றன. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காதபோது பழைய ஆலைகள்தாம் மீண்டும் கைகொடுத்தன. அழகில்லாத கட்டடம் என்று நீரேற்று நிலையத்தைப் பலர் படமெடுக்காமலே கடந்து போகிறார்கள். நீங்கள் சற்று நின்று பாருங்கள். அது ஓய்ந்தால் அந்தப் பாதையும் புல்வெளியும் மாடுகளும் தண்ணீருக்குள்தான்.

திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே மஃரிப் இரவு பத்து மணியளவில்தான். வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பியிருந்தால், ரொட்டர்டாம் வரை எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும்.