போக வேண்டிய வீடு

திருமயத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டைதான். அடிவாரத்தில் ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள். பெருமாளின் பெயர் சத்தியமூர்த்தி. அந்தப் பெயரையே தாங்கி 1887-இல் இவ்வூரில் பிறந்தவரைத்தான் நாடு தீரர் சத்தியமூர்த்தி என்று கொண்டாடியது.

நான் போனது கோட்டையைப் பார்க்க அல்ல. என் தமிழாசிரியர் வீட்டுக்கு. அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாலை வேளைகளில் என்னைக் கோட்டைப் பாறைக்கு அழைத்துப் போய்ச் சத்தியமூர்த்தியின் கதை சொல்வார். 1928-இல் பாரதி பாடல்கள் பறிமுதலானதை எதிர்த்துச் சட்டசபையில் வாதாடியது, சென்னை மேயராகிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிகோலியது எல்லாவற்றையும், “அதுதான் புத்தகத்தில் இருக்கிறதே” என்று ஒதுக்கிவிடுவார். திரும்பத் திரும்ப அவர் சொன்னது ஒரு நாற்காலியின் கதை. 1936-இல் தமிழ்நாடு காங்கிரசுக்குச் சத்தியமூர்த்தி தலைவர், காமராஜ் செயலாளர். 1940-இல் காமராஜ் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர்! பதினாறு வயது இளையவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவருக்குக் கீழே, சட்டம் படித்து மத்திய சட்டசபையில் முழங்கியவர் முகம் சுளிக்காமல் வந்து உட்கார்ந்தார்.

“ஏண்டா, உன்னால் முடியுமா?” என்பார் ஆசிரியர்.

“முடியும் சார்.”

“பெரியவர் செய்ததை விடு. சின்னவர் செய்ததைச் செய்வாயா?”

சத்தியமூர்த்தி 1943-இல் மறைந்தார். 1947 ஆகஸ்டு 15 அன்று காமராஜ் தம் குருநாதரின் வீட்டுக்குப் போய்க் கொடியேற்றினார். 1954-இல் முதலமைச்சரானபோதும் அந்த வீட்டு வாசலை மறக்கவில்லை. “செய்வேன்” என்றுதான் அன்றைக்கு நானும் சொன்னேன். பதினைந்து வயதில் எதைத்தான் சொல்லமாட்டோம்?

விடியுமுன் எழுந்து தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எழுதியதை வாங்கிப் பென்சிலால் பிழை திருத்துவார். ‘நன்று’ என்று ஒரு நாளும் போட்டதில்லை. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. அந்த ஒரு பக்கம் நிற்கவில்லை. என் நாவல்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதாம்.

முதல் நாவலுக்குப் பரிசு கிடைத்தபோது இனிப்புப் பெட்டிகளோடு பல வீடுகளுக்குப் போனேன். பத்திரிகை ஆசிரியர்கள், பதிப்பாளர், மதிப்புரை எழுதக்கூடியவர் என்று ஒருவரையும் விடவில்லை. திருமயத்துக்கு மட்டும் அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தேன். அவரிடமிருந்து கார்டுகள் வந்தன. இரண்டுக்குப் பதில் போட்டேன், மூன்றாவதற்குப் போடவில்லை. பிறகு கார்டுகளும் நின்றுபோயின. ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதுகிறவனுக்கு நாலு வரிக் கடிதம் எழுத நேரமில்லை என்றால் யார் நம்புவார்கள்? நல்ல பழக்கம் என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்வதில் பாதி, நமக்கு ஆதாயம் தரும் பழக்கம்தான் போலிருக்கிறது.

“வா தம்பி” என்றார் ஆசிரியரின் மனைவி, போன வாரம்தான் வந்துபோனவனை அழைப்பதுபோல. அலமாரியில் என் நாவல்கள் ஐந்தும் இருந்தன. நான் ஒன்றுகூட அனுப்பியதில்லை. முதல் பக்கத்தில் வாங்கிய தேதியும் விலையும். உள்ளே புரட்டினேன், ஓரமெல்லாம் பென்சில் குறிகள், ஒற்றுப் பிழைகள்கூடத் தப்பவில்லை. கடைசி இரண்டு நூல்கள் மட்டும் சுத்தமாக இருந்தன.

“கண்ணு தெரியாமப் போச்சு, தம்பி. நான்தான் படிச்சுக் காட்டினேன். எனக்கு எங்கே பிழை கண்டுபிடிக்கத் தெரியும்?” என்றார்.

ஐந்து மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அம்மா இன்னொரு தம்ளர் காப்பி கொண்டுவந்தார். உட்கார்ந்தேன்.