அரை அங்குலம் - அப்பாவோட செவர்லே கதை

பேகம்பேட் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. பேங்குல வண்டி லோன் ஃபைல் பாக்குறதுதான் பொழப்பு. பி.காம் படிச்சவனுக்கு ஆக்ஸிலைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாது :-)

உடுமலைப்பேட்டையில அப்பா ஓட்டின செவர்லே 3100 பிக்கப். 1951 மாடல். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேர்ந்து 1954 வரைக்கும் பம்பாய் சிவ்ரியில வண்டி அசெம்பிள் பண்ணிட்டிருந்த காலத்து ஆசாமி. அப்பா போனப்புறம் லாரியில ஏத்தி இங்க கொண்டாந்தேன்.

பையன் அமெரிக்கப் படங்களைக் காட்டி, "அப்பா, முன்னாடி கொஞ்சம் தாழ்த்தலாம்ப்பா, செமையா இருக்கும்"னான். நானும் தலையாட்டிட்டேன். ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்பிரிங் பட்டையில ரெண்டு மூணைக் கழட்டி, மூணு அங்குலம் இறக்கிக் குடுத்தாங்க. பாக்க ஜோர்தான்.

ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மாவை உக்கார வச்சு ஸ்கந்தகிரி கோயிலுக்குக் கிளம்பினேன். பேகம்பேட் ஃப்ளைஓவர் இறக்கத்துல பிரேக் மிதிச்சேன். வண்டி இடது பக்கமா இழுத்துச்சு. ஸ்டீயரிங்கைத் திருப்பினா தானா நேர் ஆகல. டயர் மட்கார்டுல 'கர்ர்'னு உரசுச்சு. பின்னாடி ஒரு பஸ்...

அம்மா டேஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டு, "ஏங்கண்ணு, உங்கொப்பன் ஓட்டறப்ப இப்படி இழுக்காதே?"ன்னாங்க. திரும்பி வர்றப்ப ஆட்டோதான். "அதுல இனி நான் ஏறமாட்டேன் சாமி"ன்னு சொல்லிட்டாங்க. அந்த வார்த்தைதான் தூங்க விடல.

ராணிகஞ்ச்ல ஆம்பூர்க்காரர் ஒரு மெக்கானிக் இருக்கார், அறுபது வயசு. வண்டியைப் பாத்துட்டு முதல்ல கேட்டது, "சார், ஆர்சி இருக்கா?"

இருந்துச்சு. வீல்பேஸ் கட்டத்துல 2946 மி.மீ., அதாவது 116 அங்குலம். தினமும் நூறு ஆர்சி பாக்குறேன், அந்தக் கட்டத்தை ஒரு நாளும் படிச்சதில்ல. சக்கரத்தை நேரா வச்சு, முன் ஹப் நடுவுலேர்ந்து பின் ஹப் நடுவுக்கு டேப் புடிச்சோம். இடது பக்கம் 2930, வலது பக்கம் 2934. ஆக்ஸில் பின்னாடி போயிருக்கு, அதுவும் கோணலா.

ஏன்னு அவர் சொன்னது: பட்டை ஒரு வில்லு மாதிரி. வளைவை நேராக்கினா நீளும். ஒரு முனை சட்டத்துல நிலையா மாட்டியிருக்கும், இன்னொரு முனை ஷாக்கிள்ல ஆடும். அதனால ஆக்ஸில் நிலையான முனையை விட்டுத் தள்ளிப் போகும். எங்க வண்டியில நிலையான முனை முன்பக்கம், அதனால சக்கரம் பின்னாடி போச்சு. கூடவே ஆக்ஸிலும் சாஞ்சு, கிங்பின்னோட பின்சாய்வு குறைஞ்சிடுச்சு. சைக்கிள் ஃபோர்க் சாய்வா இருக்குல்ல? அந்தச் சாய்வு இல்லேன்னா ஸ்டீயரிங் தானா நேர் வராது.

ஆக, இறக்குனா மட்டும் வேலை முடியாது. தள்ளிப் போனதையும் சாஞ்சதையும் திரும்பக் கொண்டுவரணும்.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒரு இரும்புத் தகடு வச்சார். பட்டையோட மைய போல்ட் தலை உக்கார்ற குழிக்கும், ஆக்ஸில் துளையில இறங்குற முளைக்கும் அரை அங்குலம் வித்தியாசம். ஆக்ஸில் அவ்வளவு முன்னாடி வந்துடுச்சு. தகட்டையே ஆப்பு மாதிரி சீவி, தடிச்ச பக்கத்தைப் பின்னாடி வச்சார். சாய்வு திரும்பிடுச்சு. ஸ்டீயரிங் ராடையும் புதுசா அட்ஜஸ்ட் பண்ணினார். அப்புறம் டேப் புடிச்சா, 2946, 2945. "ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கணும் சார்."

இன்னொண்ணு, பேங்க்காரனா சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு. தயாரிச்சவங்க குடுத்து ஆர்சியில ஏறின விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரி 9-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருக்கு. ஆர்டிஓ-கிட்டயும் இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் முன்னாடியே கேட்டிருக்கணும். நான் பின்னாடி போய்க் கேட்டேன். தப்புதான். நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

போன ஞாயிறு அதே இறக்கம். அம்மா முதல்ல வாசல்லயே நின்னாங்க, அப்புறம் மெதுவா ஏறினாங்க. பிரேக் மிதிச்சேன். நேரா நின்னுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல, டேஷ்போர்டுலேர்ந்து கையை எடுத்துட்டாங்க.

உங்க வீட்டுலயும் அப்பாவோட வண்டி ஏதாவது இருக்கா மக்களே? தாழ்த்தறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து அளந்து எழுதி வச்சுக்கோங்க.