முறைப்பாடு எப்படி முடிந்தது?

இலங்கையில் 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்துக்கு வரும் அழைப்பு உரிய பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்கப்படும். உதாரணமாக, கிழக்கிலுள்ள தம்பிலுவில் மக்களுக்கு அது திருக்கோவில் பொலிஸ். சம்பவ இடத்துக்குப் புறப்படும்போது உத்தியோகத்தர் ஒரு பதிவு இடுவார், திரும்பியதும் இன்னொன்று. இரண்டாவதில்தான் முடிவு இருக்கும்: இணக்கமாகத் தீர்ந்ததா, மத்தியஸ்த சபைக்குப் போகிறதா, நீதவானுக்கு அறிக்கை செல்கிறதா.

குடும்ப வன்முறை அழைப்பொன்று 'இருதரப்பும் சமாதானம்' என்ற ஒற்றை வரியில் மூடப்படுவது மிகவும் ஆபத்தானது. காயமும் சாட்சியும் எழுதப்படாவிட்டால், அடுத்த முறை அடி விழும்போது முந்தியதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்காது.

மொழியும் இங்கே பெரிய விடயம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழித் தகவலை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறது. அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் இயலாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வடக்கு, கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையும் கூறுகிறது.

விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிட வேண்டாம். வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள்.