தனி உலை வேண்டாம்

2025, ஆனி கடைசி வாரம்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்கா இன்று காலை அத்தையின் விரல் நுனியில் குத்திப் பார்த்தார். சர்க்கரை போன தடவையைவிட ஏறியிருக்கிறது. மாத்திரையைக் கொடுத்து, ஒரு நடை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் நாத்தனார் போனில் தீர்ப்புச் சொல்லியாயிற்று: "இனிமே அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு சப்பாத்திதான். சோத்தக் கண்ணுல காட்டாதீங்க." அத்தை திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. கை நிற்கவில்லை, பேச்சுத்தான் நின்றுபோனது.

எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன். சர்க்கரை வந்த பெரியவருக்கு ஓரமாக ஒரு தட்டில் காய்ந்த சப்பாத்தி. பிள்ளைகளுக்குப் பாக்கெட் நூடுல்ஸ். வீட்டுக்காரருக்குக் குவியலாகச் சோறு. சமைத்தவளுக்கு அடியில் மிஞ்சியது. ஒரே கூரைக்குக் கீழே நாலு உலை. கொஞ்ச நாளில் அந்தப் பெரியவர் யாரும் பார்க்காத நேரத்தில் சோற்றுப் பானையைத் திறப்பார். பேரப்பிள்ளைகள் முன்னாலேயே அவருக்குத் திட்டு விழும்.

இந்த வீட்டில் யாருக்கும் தனிச்சமையல் கிடையாது என்று இரவு எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். அத்தைக்கு எது நல்லதோ அது இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கும் நல்லது. மாற வேண்டியது அடுப்பில் ஏறுகிற சட்டி. மாத்திரை அதன்பாட்டுக்குத் தொடரும். டாக்டர் சொல்வதில் எதையும் குறைக்கப் போவதில்லை.

ஆடி, முதல் வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர், போனில் ஒரு செயலி இருக்கிறது, சாப்பிடுவதை எல்லாம் அதில் போட்டால் கலோரிக் கணக்குச் சொல்லிவிடும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. கலோரியை எண்ணிச் சாப்பிடும் பழக்கத்தை ஊரறியச் செய்த புத்தகம் 1918-ல் அமெரிக்காவில் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர் எழுதியது. தனித்தனியாகத் தட்டில் அளந்து வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். ஒரே சட்டிக் குழம்பிலிருந்து ஐந்து பேருக்கு ஊற்றுகிற வீட்டில் யார் கணக்கை யார் எழுதுவது? அதைவிடப் பெரிய கவலை, வளர்கிற பெண் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சோற்றை எண்ணாகப் பார்க்கத் தொடங்கினால், பசி எடுத்தால் சாப்பிடுவது, வயிறு நிறைந்தால் நிறுத்துவது என்ற இயல்பு கெட்டுப்போகும்.

அதற்காக விஷயம் சின்னது என்று சொல்லவில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-ல் வெளியானது. பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவசரம் என்றால் எங்கள் பக்கத்தார் ஓடுகிற புதுச்சேரியில் 26.3 விழுக்காடு, நாலு பேருக்கு ஒருவர். இது தனி ஆளின் நாக்கு அடக்கத்தால் தீர்கிற கணக்கு இல்லை.

ஆடி, கூழ் ஊற்றிய மறுநாள்

மாரியம்மனுக்குக் கூழ். அத்தையின் கையில்தான் எல்லாம். முதல் நாள் இரவே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தார். காலையில் நொய் வெந்து மலர்ந்ததும் புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டினார். வெந்ததா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்து மாவின் மேல் வைத்து எடுத்தார். விரலில் ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். என் மகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சின்ன வெங்காயமும் மோரும் விட்டுக் கரைத்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொண்டு தெருவே குடித்தது.

எழுந்த கேள்வி: தினமும் கூழே குடித்தால் சர்க்கரை இறங்கிவிடுமா? ஊரில் நிறையப் பேர் அப்படி நம்புகிறார்கள். கேழ்வரகு அருமையான தானியம். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து; அதே அளவு பாலில் இருப்பது சுமார் 120. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகவே ஏறும். முருங்கைக்கீரை போட்ட அடையாகவோ, கீரைக்குழம்போடு அளவான களியாகவோ சாப்பிட்டால் நல்லது. சிறுதானியத்தை மருந்தாக்கி விற்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. அது சாப்பாடு, அந்த மரியாதை போதும்.

ஆவணி

சட்டியை மாற்றுவது என்றால் என்ன என்று இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் உள்ள தட்டுப் படத்தில் ஏறக்குறைய பாதி, காயும் கீரையும் பழமும். எங்கள் தட்டில் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். ஆகவே சோற்றுக்கு உலை வைக்கும் அரிசியைக் குறைத்து, பொரியல் வாணலியைப் பெரிதாக்கினேன். காராமணி, பச்சைப்பயறு, மொச்சை ஏதாவது ஒன்று தினமும் குழம்பிலோ கூட்டிலோ விழும். யாரையும் "குறைச்சுச் சாப்பிடு" என்று சொல்வதில்லை. இரண்டாம் முறை கேட்டால் போடுகிறேன்.

பரிமாறும் வரிசையையும் மாற்றினேன். பொரியலும் பயறும் முதலில், சோறு பிறகு. நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகளிடம் செய்து 2015-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், காயையும் புரதத்தையும் முன்னால் சாப்பிட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறியது. பந்தியிலும் இலையில் கூட்டும் பொரியலும்தான் முதலில் விழும். நாம்தான் சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பையன் புடலங்காயைத் தொடமாட்டான். "வாணாம்" என்று தட்டை நகர்த்துவான். இந்த வீட்டில் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது, ஒரு வாய் வாங்கினால் ஐந்து நிமிஷம் போன். அதை நிறுத்திவிட்டோம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொல்லும் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். புதிய காய் ஒன்று பிள்ளைக்குப் பழக எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட அது தட்டில் வந்துபோக வேண்டும் என்று குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நாம் இரண்டாம் தடவையே "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

இதே பையன் பள்ளியில் காலை உணவுத் திட்டக் கிச்சடியில் கிடக்கும் கேரட்டையும் பீன்ஸையும் பொறுக்கி எறியாமல் சாப்பிடுகிறான். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். டீச்சராகத் தினமும் பார்க்கிறேன். வரிசையாக உட்காருகிறார்கள், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, பக்கத்துத் தட்டில் இருப்பவன் சாப்பிடுகிறான், இவனும் சாப்பிடுகிறான். கெஞ்சுவதற்கு அங்கே ஆளில்லை. வீட்டில் நாம் செய்யத் தவறுவது இதைத்தான்: எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டை, சேர்ந்து உட்கார்ந்து.

புரட்டாசி, காலாண்டு விடுமுறை

பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறது. மகள் கல்யாண மகாலைவிடக் களஞ்சியத்தில்தான் அதிக நேரம் நின்றாள். வளைந்த கூரை, தடித்த சுவர். 1690-லிருந்து 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் மராட்டிய மன்னர் ராஜாராமின் கோட்டை அத்தனை வருஷம் தாங்கியதைச் சொன்னேன். "உள்ள இருக்கறததான சாப்பிட்டிருப்பாங்க?" என்றாள். ஆமாம். வீட்டு அலமாரியும் இந்தக் களஞ்சியம்தான். மாலை ஐந்து மணிக்குப் பசித்து வருகிற பிள்ளை உள்ளே இருப்பதைத்தான் எடுக்கும்.

எங்கள் அலமாரியில் பிஸ்கட் டின் இருந்த இடத்தில் இப்போது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ ரகங்களைக் கொடுத்த சீமை இது. பிடுங்கும் பருவத்தில் மல்லாட்டைக்கு நாங்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை. மண்ணோடு வந்த செடியில் அத்தையும் பையனும் காய் ஆய்ந்தார்கள். மூன்று தண்ணீரில் அலசி, உப்புப் போட்டு ஓட்டோடு அவித்தது. பச்சைக் காயாக இருந்தால் ஓட்டைப் பிரிக்கும்போது உள்ளே உப்புத் தண்ணீர் தெறிக்கும். பையன் அதை உறிஞ்சிவிட்டுத்தான் பருப்பைத் தின்கிறான்.

பிஸ்கட்டைத் தடை செய்யவில்லை. கடைக்குப் போகிற அன்று கேட்டால் வாங்கித் தருகிறோம், தின்று முடிந்தது. பூட்டிவைத்த தின்பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடும் என்பதை அமெரிக்காவில் 1999-ல் ஜெனிபர் பிஷரும் லியான் பர்ச்சும் சோதித்துக் காட்டினார்கள்.

புரட்டாசி, மூன்றாம் வாரம்

ஆடியில் எழுதிய அந்த நாடளாவிய சர்க்கரை நோய் ஆய்வுக் குழுவின் புதிய கட்டுரை வெளியாகியிருக்கிறது. நாம் உண்பதில் கிடைக்கும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்துக் குறைவதில்லை. மொத்த மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து, பருப்பு, பயறு, பால், தயிர் வழியாக வரும் புரதத்தைக் கூட்டினால் குறைகிறது. நாத்தனாரிடம் போனில் பொறுமையாகச் சொன்னேன். அந்த இரண்டு சப்பாத்தி அத்தையைச் சோற்றிலிருந்து பிரித்திருக்கும். வேறொன்றும் பெரிதாகச் செய்திருக்காது.

ஐப்பசி, தீபாவளி கழிந்து

அதிரசம் சுட்டோம், முறுக்குச் சுற்றினோம். அத்தை ஒரு அதிரசம் எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். யாரும் கண்ணால் அளக்கவில்லை. மிச்சத்தைப் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று.

எனக்குச் சர்க்கரையைவிட உப்பின் மேல் கவலை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது, ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று எங்கள் பக்கத்து ருசியே உப்பில் நிற்கிறது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அலசிய பிறகே குழம்பில் போடுகிறேன். அப்பளம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது.

கார்த்திகை, ஒரு ஞாயிறு

மழை விட்டிருந்தது. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பஞ்சபாண்டவர் மலைப் பக்கம் நடந்தோம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் குடைவரைக் கோயிலின் முகப்பில் மகர தோரணத்தைப் பையன் மறுபடி மறுபடி பார்த்தான். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து காராமணிச் சாதமும் வாழைக்காய் வறுவலும் சாப்பிட்டோம். அத்தை போக வர நடந்தே வந்தார், இடையில் உட்கார்ந்து உட்கார்ந்து.

மார்கழி

இதுவரை எழுதாமல் விட்டதை இன்று எழுத வேண்டும். பொரியல் வாணலி பெரிதாவதற்கு யாரோ ஒருத்தி அரை மணி முன்னதாக எழ வேண்டியிருக்கிறது. பண்ணைக்கீரை ஒரு கட்டு ஆய்வதற்குள் ஒரு பாக்கெட் நூடுல்ஸ் பத்துத் தடவை வெந்துவிடும். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குத் தினமும் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். நல்ல சாப்பாடு வேண்டும் என்று பேசுகிற எல்லா டாக்டர்களும் இந்த 289-ஐயும் சேர்த்துப் பேச வேண்டும். பிரேசில் நாட்டின் 2014 உணவு வழிகாட்டி பேசுகிறது. சத்துக்களின் பட்டியலோடு நிற்காமல், நேரத்துக்குச் சாப்பிடு, சேர்ந்து சாப்பிடு, சமையலை வீட்டில் உள்ள எல்லோரும் பகிர்ந்துகொள் என்று சொல்லும் அரசாங்கப் புத்தகம் அது.

வீட்டுக்காரர் செஞ்சியில் நெல் மண்டியில் கணக்கெழுதுகிறார். நெல் வரத்துக் காலத்தில் ஒன்பது மணிக்குமேல்தான் வருவார். அவருக்காகக் காத்திருந்துதான் பிள்ளைகள் மாலையெல்லாம் நொறுக்கித் தள்ளின. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு வைத்துவிட்டோம். வரத்தில்லாத நாளில் அவரும் வந்துவிடுகிறார். பேச வேண்டியதை நேற்று நேராகவே பேசினேன்: "ஏங்க, இது நாம அஞ்சு பேரும் திங்கிற சோறு. நான் ஒருத்தியே எத்தன நாளுக்கு இழுப்பேன்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரவு அத்தையே தொடங்கினார், "என் காலத்துலயும் எவனும் கேக்கல. நீ கேட்டது சரிதான்."

முடிவு இப்படி: வெள்ளிச் சந்தையில் காய் வாங்குவது அவர். கீரை ஆய்வதும் பயறு ஊறவைப்பதும் அத்தையும் மகளும். தட்டு எடுத்துவைத்துத் தண்ணீர் மொள்வது பையன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. நான் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. வரும் ஞாயிறு மொச்சைக் குழம்பு வைக்கப்போகிறாராம். மொச்சையை எத்தனை மணிக்கு ஊறப்போட வேண்டும் என்று அவருடைய அம்மாவிடம் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.